உள்ளே போய்த் தொலைந்துவிடாது

மாதவிடாய்க் கப், அதாவது விலக்கு நாளில் யோனிக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் குட்டிக் கிண்ணம் என்று பேச்செடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே போய் மாட்டிக்கிட்டா என்ன பண்றது?" கல்லூரியில் படிக்கும் பெண்ணும் இதைத்தான் கேட்கிறாள், இரண்டு பிள்ளை பெற்றவரும் இதைத்தான் கேட்கிறார். எங்கள் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டவர் விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்.

மாட்டிக்கொள்ளாது. யோனிக் குழாய் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம்தான். அதன் மேல் முனையில் கருப்பை வாய் இருக்கிறது. அதிலுள்ள துளை சில மில்லிமீட்டர் அகலம், ரத்தம் வடிந்து வர அது போதும். அந்த வழியாகக் கப் கருப்பைக்குள் ஏறவே முடியாது, வயிற்றுக்குள் போவதெல்லாம் அதைவிட நடக்காத காரியம். சில சமயம் சற்று மேலே ஏறிக் கைக்கு எட்டாதது போலிருக்கும். குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவது போல மெதுவாக முக்கினால் இறங்கி வந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் சொன்னவுடன் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. இனப்பெருக்க மண்டலப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போன டீச்சரிடம் படித்த தலைமுறை நாங்கள். பிள்ளை பெற்றாலும் அந்தப் பாடம் மட்டும் பாக்கியாகவே இருந்தது.

நான் கப்புக்கு மாறியதற்குக் காரணம் பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. தொடை. சென்னையில் மே மாதம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றபடி போய், கிண்டியில் இறங்கி நடந்தால் போதும், நாப்கினின் ஓரம் வியர்வையோடு சேர்ந்து அறுத்துவிடும். இரண்டாம் நாள் தேங்காய் எண்ணெய், மூன்றாம் நாள் பவுடர், நான்காம் நாள் கால்களை அகட்டி நடை. காட்டன் நாப்கின், இறக்கை வைத்தது, இறக்கை இல்லாதது என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மருந்துக் கடையில் கறுப்பு பாலிதீன் பையில் சுற்றிக் கொடுக்கும் பொட்டலம்தான் மாறியது, புண் மாறவில்லை.

அப்புறம் குப்பை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கினைத் தனியே பத்திரமாகச் சுற்றி மக்காத குப்பையில் போடச் சொல்லியிருந்தன. அதற்கென உறை தர வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தன. நடப்பது என்ன? தினசரித் தாளில் சுற்றி, நேற்றைய சாம்பாரோடு ஒரே பையில் போய்ச் சேர்கிறது. எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அக்கா அந்தப் பையைக் கையுறை இல்லாமல்தான் பிரிப்பார். அதைப் பார்த்த பிறகு நான் பேப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பேனாவால் ஒரு சிவப்புக் குறியும் போட ஆரம்பித்தேன். அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும், நாப்கின் போடும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பிரச்சாரம் எனக்குப் பிடிப்பதில்லை. கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்துக்காக எவ்வளவு பட்டார் என்பது ஊருக்கே தெரியும். 2012-இல் தமிழக அரசு 'புது யுகம்' திட்டத்தில் கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்க ஆரம்பித்தபோது, அதனால் பள்ளிக்கு லீவு போடாமல் வந்த பிள்ளைகள் இருந்தார்கள். துணியிலிருந்து நாப்கினுக்கு வந்ததே பெரிய பயணம். வந்து சேர்ந்தவர்களிடம் உடனே "நீ பிளாஸ்டிக்" என்று விரல் நீட்டுவது நியாயமில்லை.

எனக்குத் தைரியம் வந்தது கேரளத்துச் செய்திகளால். 2018 வெள்ளத்தின்போது முகாம்களில் குவிந்த நாப்கின்களை எங்கே கொட்டுவது என்று திண்டாடிய ஆலப்புழையில், மறு வருடமே நகராட்சியும் ஹெச்எல்எல் லைஃப்கேர் நிறுவனமும் சேர்ந்து 'திங்கள்' என்ற பெயரில் ஐயாயிரம் பெண்களுக்குக் கப் கொடுத்தன. ஹெச்எல்எல் என்றால் பழைய ஹிந்துஸ்தான் லேடெக்ஸ், நிரோத் செய்த அதே திருவனந்தபுரம் கம்பெனி. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, நாட்டிலேயே நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்து என்று அறிவிக்கப்பட்டது. ஊர் முழுக்க ஒருவர்கூட நாப்கின் வாங்குவதில்லை என்று நான் நம்பவில்லை, அறிவிப்புகள் அப்படித்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு: இரண்டு இடத்திலும் கப்பைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை, உட்காரவைத்து எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இது புதுப் பொருளும் இல்லை. லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை 1937-இலேயே ரப்பரில் இப்படி ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கினார். அடுத்து உலகப் போர் வந்து ரப்பருக்கே தட்டுப்பாடு. இன்றைய கப் பெரும்பாலும் மருத்துவத் தர சிலிக்கோன்.

சரி, வாங்கப் போனால் எது என்பதுதான் தலைவலி. இணையக் கடையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவும் பத்து நிறமும் வரிசையாக நிற்கும். டப்பாவின் பின்னால், முப்பது வயதுக்குக் கீழ் என்றால் இது, சுகப்பிரசவம் ஆனவர் என்றால் அது என்று எழுதியிருக்கும். அது தோராயமான கணக்கு. வயதும் பிரசவமும் குழாயின் அகலத்தைப் பற்றி ஏதோ சொல்லும், நீளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கப் பொருந்துமா என்பது நீளத்தில்தான் பாதி இருக்கிறது.

நீளம் என்றால் கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பார்க்க வேண்டியது விலக்கு நாட்களில்தான், ஏனென்றால் மாதத்துக்குள்ளேயே அது ஏறி இறங்கும். கையைச் சுத்தமாகக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, ஆட்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட வேண்டும். சுற்றிலும் மெத்தென்று இருக்கும் இடத்தில், மூக்கு நுனி மாதிரி கொஞ்சம் கெட்டியாக, நடுவில் குழியோடு ஒன்று தட்டுப்படும். அதுதான். முதல் கணு உள்ளே போவதற்குள் தட்டுப்பட்டால் தாழ்வு, குட்டைக் கப் வேண்டும். இரண்டாம் கணு வரை போனால் நடுத்தரம், பெரும்பாலான கப்புகள் ஒத்துவரும். முழு விரலுக்கும் எட்டவில்லை என்றால் உயரம், நீளமான கப் வாங்கினால்தான் எடுக்க வசதி.

இந்த வேலையைச் செய்ய எனக்குக் கப் வாங்குவதைவிட அதிக நாள் பிடித்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, டாக்டர் நர்ஸ் என்று எத்தனையோ பேர் பரிசோதித்த இடம். அங்கே போகாத கை என்னுடையது ஒன்றுதான். பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஏதோ திருட்டு வேலை செய்வது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டுப்பட்ட அந்த நொடியில் அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அட, இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்றுதான் இருந்தது.

அடுத்தது கப்பின் விறைப்பு. இளகிய கப் உடம்புக்கு இதம், ஆனால் உள்ளே போய்த் தானாக விரியச் சோம்பேறித்தனம் பண்ணும். விறைப்பானது சட்டென்று விரியும், ஆனால் சிலருக்கு மூத்திரப் பையை அழுத்தி அடிக்கடி ஓட வைக்கும். முதல் தடவை வாங்குபவருக்கு நடுத்தர விறைப்பு என்பது என் கட்சி. நிறம் உங்கள் இஷ்டம், கறை தெரியக்கூடாதென்றால் அடர் நிறம். விலையில் ஏமாற வேண்டாம். முந்நூறு ரூபாய்க்கே நல்ல கப் கிடைக்கிறது. மருத்துவத் தர சிலிக்கோன் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா, விளிம்பில் பிசிறு இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா, விளிம்புக்குக் கீழே குட்டித் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அந்தத் துளைகள் எடுக்கும்போது காற்று உள்ளே போய்ப் பிடி விடுவதற்கு. எனக்கு முதலில் வந்த கப்பில் ஒரு துளை பாதி அடைத்துக் கிடந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். "பயன்படுத்தியதா?" என்று போனில் கேட்ட பையனின் குரலில் இருந்த சங்கடத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

உபயோகிக்கும் முன் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தையும் இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் அசந்த நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்தால், அன்றைக்கென்று அவர் தண்ணீர் குடிக்க வந்தார். எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பால் பாட்டில் நிப்பிளா? நம்ம வீட்டுல கைக்குழந்தை ஏது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"உள்ள வெச்சுக்கணுமா?"

"ஆமா அத்தை."

"கையால எடுக்கணுமா?"

"ஆமா."

"கர்மம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கேஸை அணைத்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றார். "எங்களுக்கெல்லாம் உங்க மாமனாரோட பழைய வேட்டிதான். அலசி, யாரு கண்ணுலயும் படாம மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால காயப் போடணும். ஐப்பசி கார்த்திகையில காயவே காயாது. ஈரத்தோடயே வெச்சுக்குவோம். ஒரு தடவ புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனேன், என்னன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு வயித்து வலின்னு மாத்திரை வாங்கிட்டு வந்தேன்." அப்புறம் பாத்திரத்தைக் காட்டி, "இதைத் தனியா வெச்சுக்கோ. பால் காய்ச்சுறதோட சேக்காத" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பரணிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இறங்கி என் அலமாரிக்கு வந்திருந்தது.

கொதிக்கும்போது கப் அடியில் ஒட்டாமல் மிதக்கும் அளவு தண்ணீர் வேண்டும், அடுப்பை விட்டு நகரக்கூடாது. டெட்டால், வாசனைச் சோப்பு எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது. விலக்கு முடிந்ததும் மறுபடி கொதிக்கவைத்து, உலர்த்தி, துணிப் பையில் போட வேண்டும். காற்று புகாத டப்பாவில் அடைத்தால் வாடை பிடிக்கும்.

இனி வைக்கும் கதை. 'சி' எழுத்து மாதிரி மடிப்பது ஒன்று, விளிம்பின் ஒரு பக்கத்தை உள்ளே அழுத்தி நுனியைக் கூராக்குவது இன்னொன்று. எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது, நுழையும் முனை சின்னதாகிவிடும். கப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். வறண்டிருந்தால் தண்ணீரில் செய்த வழுக்கு ஜெல் (வாட்டர் பேஸ்டு) கொஞ்சம் தடவலாம், சிலிக்கோன் ஜெல் கூடாது, அது கப்பையே கெடுக்கும். விலக்கு நாளில், அதுவும் போக்கு நன்றாக இருக்கும்போது வைத்துப் பழகுவது சுலபம். முக்கியமானது திசை. எல்லோரும் நேர் மேலே தள்ளப் பார்ப்போம். குழாய் நேர் மேலே போவதில்லை, இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சாய்ந்து போகிறது. முதுகுத் தண்டின் அடியைக் குறிபார்த்துத் தள்ளினால் வழிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் உள்ளிருக்கும் தசையும் சேர்ந்து இறுகும். மூச்சை விட்டபடி வைக்க வேண்டும்.

உள்ளே போனதும் 'பக்'கென்று விரிவது சிலருக்குக் கேட்கும், சிலருக்கு உணர மட்டும் முடியும். அதை நம்பிவிடக் கூடாது. விரலைக் கப்பின் அடிப்பகுதியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால், மடிப்பு இல்லாமல் உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். மடிப்பு இருந்தால் அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் விரியும். கசிகிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்த மடிப்புதான். சரியாக உட்கார்ந்துவிட்டால், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. முதல் தடவை அது சரியாக உட்கார்ந்த அன்றைக்கு நான் பாத்ரூமிலேயே நாலு தடவை குந்தி எழுந்து, துள்ளிப் பார்த்தேன். வெளியே என் கணவர் கதவைத் தட்டி, "கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரப் போறாங்க" என்றார்.

வெளியே எடுப்பதுதான் பலருக்குப் பயம். வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது வழி காட்ட மட்டும்தான். காம்பைத் தொட்டு மேலே போய், கப்பின் அடியைக் கிள்ளிப் பிடித்தால் காற்று புகுந்து பிடி விடும். அப்புறம் பக்கவாட்டில் அசைத்து அசைத்து இறக்க வேண்டும். இந்த இடத்தில் நம்மூர் கக்கூஸுக்கு ஒரு கும்பிடு. குந்தி உட்காரும்போது குழாய் குறுகி, கப் தானே கைக்கு இறங்கி வருகிறது. மேற்கத்தியக் கழிப்பறை மட்டுமே உள்ளவர்கள் பாத்ரூம் தரையில் குந்தி உட்கார்ந்து எடுத்துவிட்டுக் கொட்டலாம். கைக்கு எட்டாமல் பதறினால், வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு அரைமணி கழித்துப் போங்கள். பதற்றத்தில் தசை இறுகிக் கப்பைப் பிடித்துக்கொள்கிறது, வேறொன்றுமில்லை.

எடுத்துப் பார்த்ததும் எனக்கு வந்தது ஆச்சரியம். இவ்வளவுதானா? ஒரு விலக்கு முழுவதற்கும் சராசரியாக முப்பது நாற்பது மில்லி ரத்தம்தான் போகிறது. இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அளந்தால் மூன்று நான்கு மூடி. நாப்கினில் பரவிப் பார்த்ததால் ஆறாக ஓடுவதாக நினைத்திருக்கிறோம். வாடையும் கிடையாது, காற்றுப் பட்டுக் கிடந்தால்தான் அந்த வாடை. பல கப்புகளில் மில்லி கோடு போட்டிருக்கும். அதை நான் வேடிக்கையாக நினைக்கவில்லை. எண்பது மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு, டாக்டரைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "கொஞ்சம் அதிகமாப் போகுது டாக்டர்" என்று சொல்வதைவிட, இத்தனை மில்லி என்று சொன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்.

அலுவலகத்தில் என்ன செய்வது என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் வரை வைக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. காலையில் வீட்டில் வைத்தால் சாயங்காலம் வீட்டில் எடுத்தால் போதும். போக்கு அதிகமுள்ள நாளில் நடுவே கொட்ட வேண்டி வந்தால், கையைக் கழுவிக்கொண்டு போய், கப்பைக் கொட்டி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்துத் திரும்ப வைக்கலாம், கழுவுவது வீட்டில். நான் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறேன், கதவுக்குள்ளேயே அலசிக்கொள்ளலாம். முதல் சில மாதம் மெல்லிய நாப்கின் ஒன்று துணைக்கு இருக்கட்டும்.

2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. கசிவு நாப்கினுக்குச் சமம் அல்லது குறைவு, பழகியவர்களில் சுமார் எழுபது சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள் என்றது. மீதி முப்பதை யாரும் பேசுவதில்லை. எல்லா உடம்புக்கும் இது ஒத்துவராது. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர் டி போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது, கப்போடு சேர்ந்து அதன் நூல் இழுபட்டு இடம் மாறலாம். பிரசவமான புதிதில், கருப்பை இறக்கம் இருந்தால், தொற்று இருக்கும்போது வேண்டாம். காய்ச்சலும் தடிப்பும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாக்டீரியா நச்சால் வரும் அந்த அதிர்ச்சி (டாக்ஸிக் ஷாக்) மிக அரிது, ஆனால் வந்தால் வேகமானது.

அக்கா மகள் முதுகலை படிக்கிறாள். போனில் குரலைத் தாழ்த்தி, "சித்தி, கல்யாணத்துக்கு முன்னாடி வெச்சா..." என்று நிறுத்தினாள். கன்னிச்சவ்வு என்பது மூடிவைத்த கதவு இல்லை. மூடியிருந்தால் விலக்கே வெளியே வராது. வாயிலைச் சுற்றியுள்ள நெகிழும் மடிப்பு அது, ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும். கப்பால் அது விரியலாம், சிலருக்குக் கிழியவும் செய்யலாம். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்தகாலத்தை யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும். இதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, பயமாயிருந்தால் வேண்டாம், அவசரமும் வேண்டாம், சின்ன அளவு இளகிய கப் இருக்கிறது, உனக்காகத் தோன்றும்போது வாங்கு என்றேன். அவள் அம்மாவிடம் நான் பேசுவதா என்று கேட்டதற்கு, "ஐயோ வேணாம் சித்தி" என்று போனை வைத்துவிட்டாள்.

என் நாத்தனாருக்கு ஒன்று வாங்கி அனுப்ப நினைத்தேன். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறாள், நாளெல்லாம் காட்டு வேலை, கப் அவளுக்குத்தான் அதிகம் உதவும் என்று என் கணக்கு. "கழுவத் தண்ணி எங்க அண்ணி?" என்றாள். கழிவறை கொல்லைக் கோடியில், தண்ணீர் முன்வாசல் குழாயில். இரண்டு குடம் சுமந்துபோய், பகலில் நாலு பேர் பார்க்கக் கொதிக்கவும் வைத்து அவளால் ஆகாது, நாப்கினே அவளுக்கு வசதி. தை பிறந்ததும் கழிவறை வரை குழாய் இழுக்கப் போகிறார்களாம். அதற்கப்புறம் அனுப்பச் சொல்லியிருக்கிறாள், அதுவும் அடர் நிறத்தில்.